ஐஸ் பெட்டி பற்றி நான் கேட்காத கேள்வி

கறுப்புக் கோட்டை மடித்து பீரோவுக்குள் வைத்த பிறகும் ஜூனியர் வக்கீல்கள் நீங்கள் என்னை விட்டபாடில்லை. போன வாரம் கோர்ட் கேன்டீனில் பிடித்து உட்கார வைத்து, "இந்தக் கோச் கேஸெல்லாம் எப்படிம்மா நடத்துனீங்க?" என்று கேட்டீர்கள். எதிரே டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆறின டீ எனக்கு ஆகாது. அதனால் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு, மீதியை எழுதித் தருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இது அந்த மீதி.

நம் பக்கம் கல்லூரிகளுக்குள் நடக்கும் போட்டி உங்களுக்குத் தெரியும். ஆண்டு விழா மேடையில் வைக்க ஒரு கோப்பை வேண்டும், அட்மிஷன் நோட்டீசில் போட ஒரு படம் வேண்டும். அதற்காக வெளியூரிலிருந்து நல்ல பயிற்சியாளராகத் தேடிப் பிடித்து, இத்தனை வருஷம் என்று ஒப்பந்தம் போட்டுக் கூட்டி வருவார்கள். வருகிற அன்று சால்வை, மாலை, வாசலில் பிளெக்ஸ் போர்டு எல்லாம் உண்டு. அப்புறம் அணி தோற்கும். இல்லாவிட்டால் நிர்வாகம் அப்பா கையிலிருந்து மகன் கைக்கு மாறும், கபடி போய் கிரிக்கெட் வரும். இப்போது ஆளை அனுப்ப வேண்டும். மீதிக் காலத்துச் சம்பளத்தைக் கையில் கொடுத்து மரியாதையாக அனுப்புவது ஒரு வழி. ஒழுங்கீனம் என்று விசாரணை வைத்து, பைசா தராமல் துரத்துவது இன்னொரு வழி. பெரும்பாலும் ஆளை அனுப்புவதென்று முடிவான பிறகுதான் காரணத்தைத் தேடவே ஆரம்பிப்பார்கள். நிர்வாகம் கொடுக்கும் குற்றச்சாட்டு மெமோவைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு வாலிபால் கோச்சுக்கு வந்த மெமோவில், 'தாளாளர் உரையாற்றிக்கொண்டிருந்தபோது விசில் அடித்து அவமதித்தார்' என்று இருந்தது. நிர்வாகத்தின் சாட்சி அதே கல்லூரி உடற்கல்வி ஆசிரியர், பயந்த மனிதர். நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "ஐயா எத்தனை நேரம் பேசினாருங்க?" அவர் தாளாளரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு, "பசங்க வெயில்ல நின்னாங்கம்மா. ஒருத்தன் மயக்கம் போட்டு விழுந்துட்டான். கோச் விசில் அடிச்சுத் தண்ணி கொண்டாரச் சொல்லலைன்னா இன்னும் ரெண்டு பேரு விழுந்திருப்பாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். தாளாளரே சிரித்துவிட்டார். அந்தக் கேஸ் அன்றைக்கே முடிந்தது.

அப்படி சிரித்துக்கொண்டே ஜெயித்தவை நிறைய இருக்கின்றன. உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் வைத்திருந்தது வேறு கேஸ்.

செல்வராஜ் என்று ஒரு கபடி கோச். ஆத்தூர்க்காரர். ஆடின காலத்தில் அடிபட்டு ஒரு காது மடங்கிப்போயிருக்கும். திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிற ஒரு என்ஜினீயரிங் கல்லூரியில் ஒப்பந்தத்தில் இருந்தார். பாதிக் காலம்கூட ஆகவில்லை. மெமோவை பிளாஸ்டிக் கவரில் போட்டு என் ஆபீசுக்கு எடுத்து வந்தார். உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அத்தனை பெரிய உடம்பு அந்த நுனியில் எப்படி நின்றதோ தெரியவில்லை.

மெமோவில் இருந்த விஷயம் இதுதான். தூத்துக்குடிப் பக்கம் கல்லூரிகளுக்கு இடையிலான கபடி இறுதிப் போட்டி. அந்த ஆட்டத்தைப் பார்க்க ஓர் அரசுத் துறை அணிக்கு ஆளெடுக்கிறவர்கள் வந்திருந்தார்கள். அதில் நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை நிச்சயம். அணியின் முக்கியமான ஆட்டக்காரன் கவின். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். போட்டி அன்று காலை அவனுடைய அப்பா இறந்துவிட்டார். வீட்டிலிருந்து போன் வந்தது. போட்டிக்கு முந்தின நாளே ஆட்டக்காரர்களின் போன்களையெல்லாம் வாங்கித் தன் பையில் வைத்துக்கொள்வது செல்வராஜின் வழக்கம். ஆகவே போனை அவர்தான் எடுத்தார். எடுத்தவர் பையனிடம் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான் சொன்னார். கோப்பையைக்கூட வாங்காமல் கார் பிடித்து அவனைக் கூட்டி வந்தார். அவர்கள் ஊர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது, பிணத்தை எடுத்தாகிவிட்டது. பெரியப்பா மகன் கொள்ளி வைத்துவிட்டான். பெற்ற மகன் சுடுகாட்டில் நெருப்பைத்தான் பார்த்தான்.

கவினும் அவனுடைய பெரியப்பாவும் கையெழுத்துப் போட்டு கல்லூரிக்குப் புகார் கொடுத்தார்கள். நிர்வாகத்துக்கு அது லட்டு மாதிரி வந்தது. கபடியை எடுத்துவிட்டு கிரிக்கெட் மைதானம் போட அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். கோச்சுக்கு மீதிக் காலச் சம்பளம் கொடுப்பது மட்டும்தான் உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது சுலபமாக, 'மனிதாபிமானமற்ற செயல், கடும் ஒழுங்கீனம்' என்று மெமோ அடித்துவிட்டார்கள். அது நிரூபணமானால் பணம் போவது மட்டும் இல்லை. செல்வராஜை அப்புறம் எந்தக் கல்லூரியும் வாசலில்கூட நிற்க விடாது. அவருக்கு பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள்.

"ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"நானாத்தான் முடிவு பண்ணேன், மேடம்."

"ஏன்னு கேட்டேன்."

"பையனுக்கு வேலை கிடைக்கணும்னு நினைச்சேன். தப்புதான்."

எனக்குக் கோபம் வந்தது. பச்சையாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. ஆனால் அவரோடு வேலை பார்த்தவர்களை விசாரித்தபோது கதை வேறு மாதிரி இருந்தது. அக்கா நிச்சயதார்த்தம் என்று ஒரு பையன் கேட்டதற்கு, செமிஃபைனலுக்கு முந்தின நாள் அவனை ஊருக்கு அனுப்பிவைத்தவர் இவர். இன்னொரு பையனின் தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்து, பயிற்சியை நிறுத்திவிட்டு தன் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் இந்த ஒரு நாள் மட்டும் கல்லாக மாறினார் என்றால் நம்ப முடியவில்லை. மறுபடி கூப்பிட்டு அழுத்திக் கேட்டேன். அவர் ஒன்று மட்டும் சொன்னார்.

"அந்தம்மாவை, கவினோட அம்மாவை, சாட்சிக்குக் கூப்பிட்டாங்கன்னா நீங்க தயவுசெஞ்சு எதுவும் துருவிக் கேக்காதீங்க. கேஸ் போனாலும் பரவாயில்லை."

கட்சிக்காரர் நம் கையைக் கட்டிவிட்டு ஜெயித்துக் கொடு என்கிற கதை. உங்களுக்கும் வரும். திட்டலாம். நான் திட்டினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, திரும்பவும் அதையே சொன்னார்.

விசாரணை கல்லூரியிலேயே, ஏ.சி. போட்ட ஒரு மீட்டிங் ஹாலில் நடந்தது. விசாரணை அதிகாரி ஓய்வு பெற்ற நீதிபதி. இந்தப் பக்கத்துக்காரர்தான், நிதானமானவர், வெற்றிலை போடுவார் என்பது உதட்டைப் பார்த்தாலே தெரியும். நிர்வாகம் வக்கீல் வைத்ததால் எங்கள் பக்கமும் வக்கீலுக்கு அனுமதி கிடைத்தது. கல்லூரிச் செயலாளர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நிறுவனரின் மகன், அப்பா போன பிறகு பொறுப்புக்கு வந்தவர், சின்ன வயசு. எதிரே கவின். அவன் செல்வராஜின் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைய ஆட்டத்தில் அவனைத் தேர்வு செய்துவிட்டார்கள் என்றும், அந்த வேலையே வேண்டாம் என்று அவன் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றும் எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

கவின் முதலில் சாட்சி சொன்னான். "எங்கப்பன் மொகத்த நான் பாக்கலீங்க. அவரு பாக்க உடலீங்க" என்று செல்வராஜைக் கைகாட்டினான். நான் குறுக்கு விசாரணை வேண்டாம் என்றேன். அந்தப் பிள்ளையிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்துக் கூப்பிட்டது அவனுடைய அம்மாவை. பாவாயி. ஒடிசலான பெண்மணி, வெளுத்த நூல் சேலை. தோட்டங்காட்டு வேலை செய்து காப்புக் காய்த்த கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தார். போன் வந்த நேரத்தை நிரூபிக்கத்தான் நிர்வாகம் அவரைக் கூட்டி வந்திருந்தது. அவர்கள் வக்கீல் மெதுவாகக் கேட்டார், அந்த அம்மா அடக்கமாகப் பதில் சொன்னார்.

"விடியக்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தாருங்க. நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தவருதானுங்க, அப்பறம் எந்திரிக்கவே இல்லீங்க."

"மகனுக்கு போன் பண்ணீங்களா?"

"பண்ணுனனுங்க. வாத்தியாருதான் எடுத்தாருங்க. சேதியச் சொன்னனுங்க."

"மகன் வர்ற வரைக்கும் வெச்சிருக்க ஏற்பாடு பண்ணீங்களா?"

"ஆமாங்க. போனு பேசி முடிச்சதும் ஐஸ் பெட்டிக்குச் சொல்லியுட்டனுங்க. பெட்டியும் வந்துருச்சுங்க. எங்க மூத்தாரு, கவினோட பெரியப்பன், வெக்க உடலீங்க. நாளைக்குச் சனிக்கெழமை, பொழுதோட எடுத்தரோணும்னுட்டாரு. பெட்டி வாசல்லயே கெடந்துதுங்க. எடுத்துட்டாங்க."

எதிர்த் தரப்பு வக்கீலுக்கு இது நல்ல இடம் என்று தோன்றியிருக்க வேண்டும். பெட்டி வந்தும் மகன் வரவில்லை, வராததற்குக் காரணம் இந்தக் கோச். அவர் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அந்தப் பெட்டி உள்ளே இடித்தது. நீங்களும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தானே, யோசித்துப் பாருங்கள். நம் கிராமங்களில் ஐஸ் பெட்டிக்கு எப்போது சொல்லி அனுப்புவார்கள்? மகள் துபாயில் இருக்கிறாள், மகன் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போயிருக்கிறான், நாளைக்குத்தான் வந்து சேர முடியும் என்றால் சொல்வார்கள். தூத்துக்குடியிலிருந்து விடியற்காலையில் சேதி தெரிந்து புறப்பட்ட பிள்ளை உச்சிப் பொழுது சாய்கிறதற்குள் வீட்டில் இருப்பான். அவனுக்குப் பெட்டி எதற்கு? போன் பேசி வைத்த கையோடு அந்த அம்மா பெட்டிக்குச் சொல்லியிருக்கிறார் என்றால், மகன் உடனே புறப்படப் போவதில்லை என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும்? ஆட்டம் முடியட்டும் என்று சொன்னதே அவராக இருந்தால்தான் தெரியும்.

செல்வராஜ் ஏன் வாயைத் திறக்கவில்லை, அந்த அம்மாவைத் துருவாதீர்கள் என்று ஏன் கெஞ்சினார் என்பதெல்லாம் எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. 'பெட்டி எதுக்கும்மா சொன்னீங்க?' இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். அந்த அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது, முகத்திலேயே எழுதியிருந்தது. கேஸ் அந்த நிமிஷமே முடிந்துவிடும். செல்வராஜின் பேரும் மீதிச் சம்பளமும் திரும்பி வந்துவிடும்.

ஆனால் கவின் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இப்போது உலகத்திலேயே மிச்சம் இருப்பது அம்மா ஒருத்திதான். புருஷன் செத்த சேதியை மகனிடமிருந்து மறைத்தாள் என்று வெளியே தெரிந்தால் பங்காளிகள் நடுவில் அந்தப் பெண் எப்படிக் குடியிருப்பார்? நான் செல்வராஜைத் திரும்பிப் பார்த்தேன். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று.

"மேடம், குறுக்கு விசாரணை இருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

எழுந்துவிட்டேன். என்ன கேட்பது என்று முடிவு செய்யாமலே எழுந்தேன். தண்ணீர் குடித்தேன், தேவைக்கு மேலேயே குடித்தேன். நேரம் வாங்க அதைவிட நாகரிகமான வழி நம் தொழிலில் இல்லை.

"ஏனுங்கம்மா, வாத்தியாரு கேதத்துக்கு உங்க ஊட்டுக்கு வந்தாருங்களா?" என்று கேட்டேன். துக்கம் கேட்பதைத்தான் நம் பக்கம் கேதம் என்கிறோம்.

"வந்தாருங்க. ராத்திரி கவினக் கொண்டாந்து உட்டவரு, விடியற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தாருங்க."

"கருமாதிக்கு?"

"வந்தாருங்க."

"அவராவா வந்தாரு?"

"இல்லீங்க. எங்கண்ணன அனுப்பிக் கூட்டியாரச் சொன்னனுங்க."

"சாப்பிட்டாருங்களா?"

"வேண்டாம்னாருங்க. நாந்தான் உடலீங்க. எங்கண்ணன் கூட, சொந்தக்காரங்க பந்தியிலயே எலை போட்டு உக்கார வெக்கச் சொன்னனுங்க."

விசாரணை அதிகாரியின் பேனா நின்றது. நான் எதிர்பார்த்ததும் அதுதான். அவர் இந்த மண்ணின் மனிதர். தன் பிள்ளை அப்பனுக்குக் கொள்ளி வைக்கிற பாக்கியத்தைக் கெடுத்தவன் என்று ஒரு பெண் நினைத்திருந்தால், அவனைக் கருமாதிக்கு அண்ணனை விட்டு அழைத்து, பந்தியில் உட்கார வைக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். பாதிக்கப்பட்ட வீட்டுக்காரியிடமே குறை இல்லை என்று பதிவாகிவிட்டது. இதை வைத்து ஒழுங்கீனத்தைக் குறைத்து வாதாடலாம். முழு வெற்றி கிடைக்காது. ஆனால் வெறுங்கையோடும் போக மாட்டோம் என்று கணக்குப் போட்டேன்.

"வேற கேள்வி இல்லீங்க" என்று உட்கார்ந்தேன்.

"நீங்க போலாம்மா" என்றார் அதிகாரி.

பாவாயி எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை இத்தனை வருஷத் தொழிலில் வேறு எந்தச் சாட்சியிடமும் நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க வக்கீலம்மா, பெட்டி எதுக்குச் சொன்னேன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே?"

செல்வராஜ் சட்டென்று எழுந்தார். "அம்மா, வேணாம்மா."

"உக்காருங்க" என்று அதிகாரி அதட்டினார். அவர் உட்காரவில்லை, நின்றபடியே இருந்தார்.

"இருங்க வாத்தியாரே" என்றார் அந்த அம்மா. பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "நாந்தானுங்க சொல்ல வேண்டாம்னு சொன்னேன். இவரு ஒடனே கார் புடிச்சுக் கூட்டியாரேன்னாருங்க. இன்னைக்கு ஆளெடுக்க வாராங்கன்னு எம்பையன் மொத நாளே சொல்லியிருந்தானுங்க. அவங்கப்பன் ஆயுசுக்கும் ரிக்கு வண்டியில கெடந்து ஒடம்பக் கெடுத்துக்கிட்டாரு. இவனும் அதுல போய் ஏறோணுமா, ஆட்டம் முடியட்டும், அப்பறம் சொல்லுங்கன்னேன். இவரு ஒத்துக்கவே இல்லீங்க. எம்மேல சத்தியம்னு சொல்லி வாய அடைச்சேன். நேரங்கழிச்சு வந்தாலும் அப்பன் மொகத்தப் பாக்கட்டும்னுதானுங்க பெட்டிக்குச் சொன்னேன். இவிய எடுத்துருவாங்கன்னு எனக்குத் தெரியலீங்க. கூடத்துல உளுந்து பொரண்டேன், யாரும் கேக்கலீங்க."

கவின் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?" என்று அதிகாரி கேட்டார். அது விசாரணைக் கேள்வி மாதிரி இல்லை.

"கருமாதியன்னைக்கே சொல்லிப்போடறேன்னேனுங்க. வாத்தியாரு உடலீங்க. 'என்னைய வெறுத்தான்னா நான் வேற ஊருக்குப் போயிக்குவேன். உங்களை வெறுத்தான்னா நீங்க எங்கம்மா போவீங்க'ன்னாருங்க."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. கவின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். செல்வராஜ் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, அவன் பின்னாலேயே ஓடினார். பாவாயி சேலை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மெதுவாக எழுந்து, அவர்கள் போன பக்கம் போகாமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே நடந்தார்.

அதிகாரி விசாரணையை ஒத்திவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஹாலில் நானும் செயலாளரும் எதிர்த் தரப்பு வக்கீலும்தான் இருந்தோம். செயலாளர் கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இதை இங்கயே முடிச்சுக்கலாங்களா?"

"முடிக்கலாம். எப்படி?"

"மெமோவ வாபஸ் வாங்கிக்கறோம். ஆனா கபடிய நிறுத்தறது நிறுத்தறதுதானுங்க, அதுல மாத்தம் இல்லை. மீதிக் காலத்துக்குப் பாதி போட்டுக் குடுத்தர்றோம்."

அவர் கண்ணில் தண்ணீர் தெரியும்போதே கை கால்குலேட்டரைத் தேடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைக் கேலி செய்யவில்லை, பொறுப்பில் இருக்கிறவர்களின் பாடு அப்படி. "ஒழுங்கீனம் இல்லைன்னா முழுசுன்னு உங்க பத்திரத்துலயே இருக்குதுங்க. உங்க அப்பா கையெழுத்து" என்றேன்.

அவர் அந்தக் கையெழுத்துப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பத்திரத்தைப் பற்றிப் பேசாமல் வேறு எதையோ சொன்னார்.

"அப்பா தவறுனப்ப நான் லண்டன்ல படிச்சுட்டு இருந்தேனுங்க. பெட்டியிலதான் பாத்தேன். கண்ணாடி மேல கைய வெச்சா சில்லுனு இருந்துச்சு. அந்த அளவுக்காவது எனக்குக் கெடச்சுது." மேஜை மேல் இருந்த டிஷ்யூ ஒன்றை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "முழுசாவே போட்டுருங்க."

ஒப்பந்தத்தின் மீதிக் காலம் முழுவதற்கும் சம்பளம், எந்தக் குறையும் சொல்லாத ரிலீவிங் ஆர்டர். எதிர்த் தரப்பு வக்கீலும் நானும் சேர்ந்தே வாசகத்தை எழுதி, ஆபீசில் டைப் அடித்து வாங்கினோம். அது நல்ல காகிதம், இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். செல்வராஜின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஆளைத் தேடிக்கொண்டு வெளியே போனேன்.

உங்களில் யாராவது இங்கே கேட்கலாம்: கட்சிக்காரரைக் காப்பாற்றும் கேள்வி கையில் இருந்தும் கேட்காமல் விட்டது சரியா, அந்த அம்மா தானாகச் சொல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. என்ன ஆகியிருக்கும், அரைகுறையாக ஜெயித்திருப்போம், செல்வராஜ் என்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். அவர் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தார், அந்த அம்மாவை விட்டுவிடுங்கள் என்று. நஷ்டப்படப் போகிறவர் அவர். எதை இழக்கத் தயார் என்று முடிவு செய்கிற உரிமையும் அவருக்குத்தான் உண்டு. அவரை விட எனக்கு நல்லது தெரியும் என்று நினைத்து அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அந்த அம்மாவின் வாயிலிருந்து அதைப் பிடுங்கியவள் நானாக இருந்திருப்பேன். மகன் முன்னால் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். அவராகச் சொன்னதால் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். அந்த ஹாலில் இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். உங்களுக்கு ஒத்துவராவிட்டால் சண்டைக்கு வாருங்கள், கேன்டீனில் சூடாக டீ வாங்கிக் கொடுத்தால் பேசலாம்.

வண்டி நிறுத்துகிற ஷெட்டில் இருவரும் நின்றிருந்தார்கள். கவின் தன் பைக் மேல் சாய்ந்து நின்றான், செல்வராஜ் ஒரு கையால் ஷெட்டின் கம்பியைப் பிடித்திருந்தார். பையனின் கண்கள் சிவந்திருந்தன. சற்றுத் தள்ளி, கேட்டுக்கு வெளியே ரோட்டோரம், பாவாயி டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.

காகிதத்தை நீட்டினேன். செல்வராஜ் படிக்காமலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட ஓர் இடம் கிடைக்குமா என்று பார்த்தார். கவின் பைக்கிலிருந்து நகர்ந்து, சீட்டைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டான். செல்வராஜ் காகிதத்தை அதன் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

குனிந்தபடியே கேட்டார். "வேலைக்கு மெடிக்கல் எப்போடா?"

கவின் பைக் சாவியை விரலில் மாட்டிச் சுற்றினான்.

"திங்கக்கெழமைங்க சார்."

"வெறும் வயித்தோட போ. ரத்தம் எடுப்பாங்க."

"செரிங்க சார்."

கவின் பைக்கைக் கிளப்பி கேட்டைத் தாண்டி, அம்மாவுக்கு முன்னால் போய் நிறுத்தினான். நாங்கள் நின்ற இடத்திலிருந்து கேட்கும் தூரம்தான்.

"நீ போ சாமி. நான் பஸ்சுல வாரேன்" என்றார் பாவாயி. மகன் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

பஸ் ஒன்று வந்து நின்றது. யாரும் ஏறவில்லை, கிளம்பிப் போயிற்று. புழுதி அடங்குகிற வரைக்கும் அவன் வண்டியை அணைக்காமல் அப்படியே நின்றான்.

"எனக்குத்தானம்மா பெட்டி சொன்ன" என்றான். "ஏறு, ஊட்டுக்குப் போலாம்."